முதல் அப்ரைசலுக்குத் தயாராகும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ பொதுத்தேர்வில் உங்கள் விடைத்தாளைத் திருத்தியவருக்கு உங்கள் பெயர் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா, எதுவும் தெரியாது. பல்கலைக்கழகத் தேர்விலும் அப்படித்தான். அந்த முறைக்கே பழகி வளர்ந்து வேலைக்கு வரும் பெண்கள், இங்கேயும் நன்றாக எழுதினால் மதிப்பெண் தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆண்டுதோறும் உங்கள் வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் திருத்துபவருக்கு உங்களை நன்றாகத் தெரியும். உங்கள் குரல் தெரியும், எத்தனை மணிக்கு கேப் பிடிக்கிறீர்கள் என்பது தெரியும், வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதும் தெரிந்திருக்கும். ஓராண்டு வேலையில் அவர் நினைவில் என்ன தங்கியிருக்கிறதோ அதை வைத்துத்தான் திருத்துகிறார்.

சென்னையில் ஐ.டி. துறையில் டீம் லீடாகவும் பிறகு மேனேஜராகவும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ரேட்டிங் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன், ரேட்டிங் போட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன். சென்னை, கோவை, பெங்களூர் ஐ.டி. அலுவலகங்களில் முதல் வேலையில் சேர்ந்திருக்கும் பெண்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வங்கி, காப்பீடு, ஆலை நிர்வாகம் என்று வேறு இடங்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நான் சொல்ல வருவது இதுதான்: எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில்தான் ஆண், பெண் என்ற எண்ணம் உள்ளே நுழைகிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அப்படி ஒரு வெற்றிடத்தை நிரப்புவதற்கானது.

ரேட்டிங் எங்கே முடிவாகிறது

பெரும்பாலான நிறுவனங்களில் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆரம்பத்தில் ஆண்டின் இலக்குகளை எழுதும் கோல் ஷீட், அக்டோபர் வாக்கில் அரையாண்டுப் பேச்சு, ஆண்டு முடிவில் நீங்களே உங்களை மதிப்பிட்டு எழுதும் செல்ஃப் அப்ரைசல். பிறகு மேனேஜர் ஒரு ரேட்டிங் போடுவார். இதுவரை உங்களுக்கு போர்ட்டலில் தெரியும்.

அதற்கு அடுத்து நடப்பது தெரியாது. பல டீம்களின் மேனேஜர்கள், அவர்களுக்கு மேலே இருப்பவர், ஹெச்.ஆர். எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து எல்லாருடைய ரேட்டிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நார்மலைசேஷன் என்பார்கள், சில இடங்களில் கேலிப்ரேஷன் என்பார்கள். உயர்ந்த ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று ஒரு வரம்பு இருக்கும். அதுதான் எல்லாரும் திட்டும் பெல் கர்வ். வரம்பைவிட அதிகம் பேர் இருந்தால் யாரையாவது கீழே இறக்கியாக வேண்டும். ஒருவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் மேனேஜர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் ஓராண்டு உழைப்பு.

"அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கு, இப்பதான் குழந்தை பிறந்திருக்கு, பார்த்துச் செய்யணும்." "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பண்றா, ஆனா அடுத்த வருஷம் கல்யாணமாம், இருப்பாளோ என்னமோ." இந்த இரண்டு விதமான பேச்சையும் அந்த அறையில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண் மேனேஜர்களும் சொல்வார்கள். 2012-இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், பாதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. வேறு ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவேதான் மதிப்பிட்டார்கள்.

"எங்கள் நிறுவனத்தில் திறமைக்கு மட்டும்தான் மதிப்பு" என்று இன்டக்‌ஷன் நாளில் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி அமைதியாக இருந்துவிடாதீர்கள். எமிலியோ காஸ்டில்லா, ஸ்டீஃபன் பெனார்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், திறமைக்கே முதலிடம் என்று நிறுவனம் அழுத்திச் சொன்ன சூழலில்தான், ஒரே அளவு வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் போனஸ் பிரித்தவர்கள் ஆணுக்கு அதிகம் கொடுத்தார்கள். தான் நியாயமானவர் என்ற நிம்மதி வந்துவிட்டால் தன் முடிவைத் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

முதல் வருடம்தானே என்று விட்டுவிட வேண்டாம்

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ராணுவத்தில் குறுகிய காலப் பணியில் இருந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்கப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் தேர்வுக்குழு அவர்களுடைய ஆண்டு ரகசிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தது. அந்த அறிக்கைகள் எழுதப்பட்ட காலத்தில், இந்தப் பெண்களுக்கு இதற்கு மேல் ராணுவத்தில் எதிர்காலமே இல்லை என்பதுதான் எழுதியவர்களின் எண்ணம். எதற்கும் பயன்படப் போவதில்லை என்று ஏனோதானோவென்று எழுதப்பட்டவை, பத்து, பதினைந்து வருடம் கழித்து அவர்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஆவணங்களாக வந்து நின்றன. பிற்காலத்தில் அவர்கள் செய்த சாதனைகளோ கணக்கிலேயே சேரவில்லை.

2021 மார்ச் 25-ஆம் தேதி, லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது: பார்வைக்குச் சமமாகத் தெரியும் இந்த மதிப்பீட்டு முறை பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு. அப்ரைசல் பற்றிக் கவலைப்படும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

உங்கள் அலுவலகத்தில் நடப்பதும் சிறிய அளவில் இதேதான். புதிதாகச் சேர்ந்த பிரெஷர்தானே என்று நடுவாந்தர ரேட்டிங் போட்டு நகர்த்திவிடுவார்கள். நீங்களும் பரவாயில்லை என்று விட்டுவிடுவீர்கள். ப்ரமோஷன் பட்டியல் எடுக்கும்போது கடந்த இரண்டு, மூன்று ஆண்டு ரேட்டிங்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். சம்பள உயர்வான ஹைக்கும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளத்தில் தொடங்கிய இருவரில் ஒருவருக்கு ஆண்டுதோறும் 8 சதவீதமும் மற்றவருக்கு 10 சதவீதமும் கிடைத்தால், பத்தாண்டு முடிவில் முதலாமவர் சுமார் 8.64 லட்சத்தில் இருப்பார், மற்றவர் 10.37 லட்சத்தில். இரண்டே சதவீதத்தின் வேலை அது.

படி 1: கோல் ஷீட்டில் உங்கள் கை பட வேண்டும்

சேர்ந்த முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியது. "தரமான வேலை", "நல்ல டீம் பிளேயர்", "கற்றுக்கொள்ளும் ஆர்வம்" மாதிரியான வரிகள்தான் பெரும்பாலான கோல் ஷீட்டுகளில் இருக்கும். இவற்றை யார் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். மேனேஜரிடம் நேரில் கேளுங்கள்: "இந்த லெவலில் நல்ல ரேட்டிங்குக்கும் அதற்கு அடுத்த ரேட்டிங்குக்கும் என்ன வித்தியாசம்? போன வருஷம் மேல் ரேட்டிங் வாங்கினவங்க என்ன பண்ணினாங்க?" பெயர் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தைரியமாகப் பதில் சொல்வார்.

வந்த பதிலை அளக்கக்கூடிய வரியாக்கி ஷீட்டில் ஏற்றுங்கள். எந்த மாட்யூல், எந்தத் தேதிக்குள், எத்தனை டெஸ்ட் கேஸ், எந்த சர்டிஃபிகேஷன். பாதி வருடத்தில் ப்ராஜெக்ட் மாறினால் ஷீட்டையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். புது ப்ராஜெக்ட்டுக்குப் போகும்முன்பே பழைய ப்ராஜெக்ட் மேனேஜரிடம் நான்கு வரி ஃபீட்பேக் போர்ட்டலில் வாங்கிவிடுங்கள். ப்ராஜெக்ட் மாறியவர்களின் பாதி வருடம் காணாமல் போவது மிகச் சாதாரணம்.

படி 2: உங்களிடம் என்ன வேலை வந்து சேர்கிறது என்று பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். ரேட்டிங்கில் தெரியும் வித்தியாசத்தின் வேர் பெரும்பாலும் ஏப்ரலிலேயே, யாருக்கு எந்த வேலை என்று பிரிக்கும்போதே விழுந்துவிடுகிறது.

ஆயுத பூஜைக்கு டீம் உட்காரும் இடத்தை அலங்கரிப்பது யார்? பொங்கலுக்குக் கோலம்? பிறந்தநாள் கேக் சொல்வது, ஃபன் கமிட்டி, மகளிர் தின நிகழ்ச்சி, மீட்டிங் நோட்ஸ் எடுப்பது, புதிதாக வந்தவர்களுக்கு ஆக்சஸ் வாங்கிக் கொடுப்பது, எக்செல் ட்ராக்கரைத் தினமும் சரிபார்ப்பது? எல்லாமே டீமுக்குத் தேவையான வேலைகள்தான். ஒன்றுகூட கேலிப்ரேஷன் அறையில் ரேட்டிங்காக மாறாது. லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் இதை ஆராய்ந்தார்கள். யாராவது ஒருவர் செய்தாக வேண்டும், ஆனால் செய்பவருக்கு லாபமில்லை என்ற வேலைக்கு, ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாகக் கை தூக்கினார்கள். பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலும் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலும் இந்த வித்தியாசம் இல்லை. அதனால் இது பெண்களின் இயல்பு கிடையாது. பெண் இருக்கிறாள், அவள் செய்வாள் என்ற எதிர்பார்ப்பு அறையிலேயே இருக்கிறது, அவளுக்குள்ளும் இருக்கிறது.

முழுக்க மறுக்கச் சொல்லவில்லை. முறை வைக்கச் சொல்லுங்கள். "இந்த மாசம் நோட்ஸ் நான் எடுக்கிறேன், அடுத்த மாசம் கார்த்திக், அப்புறம் பிரியா. ஒரு லிஸ்ட் போட்டுரலாமா?" இப்படிக் கேட்டால் யாராலும் குறை சொல்ல முடியாது. ஃபன் கமிட்டி உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் இருங்கள். ஆனால் அதற்குப் போகும் நேரத்தை மேனேஜருக்குத் தெரியப்படுத்துங்கள், கோல் ஷீட்டில் ஒரு வரியாகவும் ஏற்றுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் நன்மைக்காக என்று சொல்லியே நல்ல வேலையை எடுத்துவிடுவார்கள். "நைட் ரிலீஸ், பாவம் அந்தப் பொண்ணுக்கு எதுக்கு." "ஆன்சைட்டுக்கு அவங்க வீட்ல விடமாட்டாங்க." யாரும் உங்களைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் இரவில் நின்று பிரச்சினையைத் தீர்த்தவனின் பெயர்தான் கிளையன்ட் மெயிலில் வரும், மார்ச்சில் அந்த மெயில்தான் பேசும். "நைட் ரிலீஸ், கிளையன்ட் கால், ஆன்சைட் எதுவா இருந்தாலும் என்னையும் கணக்கில் எடுத்துக்கோங்க. முடியாட்டி நானே சொல்றேன்" என்று ஆண்டின் தொடக்கத்திலேயே மெயிலில் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சூழலால் உண்மையாகவே இரவில் நிற்க முடியாது என்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதே அளவு கவனம் பெறும் வேறு வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ரிலீஸுக்கு முந்தைய சோதனை முழுவதற்கும் பொறுப்பு, டிசைன் டாக்குமென்ட், கிளையன்ட் டெமோ.

படி 3: வெள்ளிக்கிழமை நாட்குறிப்பு

வாரம் பத்து நிமிடம் போதும். என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், என்ன மாறியது, யாருக்குத் தெரியும். நான்கு வரி. மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரியில் நடந்தது மட்டும்தான் நினைவுக்கு வரும். உங்களுக்கே அப்படியென்றால் பதினைந்து பேரைப் பார்க்கும் மேனேஜருக்கு எப்படி இருக்கும்? கிளையன்ட்டோ பக்கத்து டீமோ பாராட்டினால் "இதை என் மேனேஜரையும் சேர்த்து ஒரு மெயிலாகப் போட முடியுமா" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆனால் அலுவலக மெயில்களை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பல நிறுவனங்களில் அது விதிமீறல், வேலையே போய்விடலாம். அலுவலகக் கணக்கிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள்.

படி 4: செல்ஃப் அப்ரைசலில் உங்களைக் குறைக்காதீர்கள்

கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் இருவரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கணிதம், அறிவியல் தேர்வை வைத்தார்கள். பிறகு எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே அளவு சரியாகப் பதில் எழுதியிருந்தும் பெண்கள் தங்களைக் கணிசமாகக் குறைத்துச் சொன்னார்கள். இத்தனை சரி என்று மதிப்பெண்ணைக் கையில் கொடுத்த பிறகும் அந்த இடைவெளி மூடவில்லை. நீங்களே குறைத்துப் போட்ட ரேட்டிங்கை மேனேஜர் ஏற்றிப் போடுவது அபூர்வம். அவருடைய பார்வை அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

புதிதாக வந்த பெண்கள் எழுதும் செல்ஃப் அப்ரைசல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"டீமுடன் சேர்ந்து பல டிக்கெட்டுகளைச் சரிசெய்தோம். சீனியர்களின் உதவியால் ரிப்போர்ட் மாட்யூலைக் கற்றுக்கொண்டேன். இன்னும் மேம்பட முயல்வேன்."

அதே வேலையை இப்படியும் எழுதலாம்:

"ஜூலையிலிருந்து ரிப்போர்ட் மாட்யூல் என் பொறுப்பு. மாத இறுதி ரிப்போர்ட் ஓடி முடிக்க நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. குவெரியைத் திருத்தி எழுதி நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். ஆகஸ்ட் ரிலீஸில் போனது. அதன்பின் தாமதம் என்று ஒரு டிக்கெட்டும் வரவில்லை. கிளையன்ட்டின் மெயில் இணைப்பில் உள்ளது."

ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், ஆனால் இருக்க வேண்டிய சரக்கு இதுதான். இதில் தற்புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. நான்கு மணி, நாற்பது நிமிடம், ஆகஸ்ட், மெயில். மேனேஜர் அறைக்குள் போகும்போது அப்படியே வாசித்துவிடலாம்.

படி 5: ஃபீட்பேக்கைத் தெளிவாக வாங்குங்கள்

2014-இல் கீரன் ஸ்னைடர் 28 நிறுவனங்களில் 180 பேருடைய 248 மதிப்பீடுகளைச் சேகரித்துப் படித்தார். குறை சொல்லியிருந்த மதிப்பீடுகளை மட்டும் தனியே எடுத்தார். ஆண்களுக்கு வந்தவை 83. அவற்றில் குணத்தைக் குறை சொன்னவை 2. பெண்களுக்கு வந்தவை 94. அவற்றில் குணத்தைக் குறை சொன்னவை 71. ஆணிடம் "இந்த டிசைனைக் கற்றுக்கொள்" என்கிறார்கள், பெண்ணிடம் "கொஞ்சம் அடக்கமாகப் பேசு" என்கிறார்கள். முதலாவதைச் செய்து முடிக்கலாம். இரண்டாவதை எப்போது முடித்தோம் என்று யார் சொல்வது?

பாராட்டிலும் இதே கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஷெல்லி கோரெல், கேரோலின் சிமார்ட் இருவரும் தொழில்நுட்ப நிறுவனங்களின் மதிப்பீடுகளைப் படித்தபோது, "நல்ல வருடம்" என்பது போன்ற பொத்தாம் பொதுவான பாராட்டு பெண்களுக்கு அதிகம் வந்திருந்தது. இன்ன வேலையால் நிறுவனத்துக்கு இன்ன பலன் என்று குறிப்பாகச் சொல்லும் வரிகள் ஆண்களுக்கு அதிகம். வெறும் பாராட்டை வைத்துக்கொண்டு யாரும் ப்ரமோஷன் வாங்க முடியாது.

ஆகவே பேச்சு இப்படிப் போகட்டும்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா கொஞ்சம் சாஃப்டா பேசப் பழகணும்."

"சரிங்க, கவனிக்கிறேன். எந்த மீட்டிங்ல அப்படித் தோணுச்சுன்னு சொல்ல முடியுமா?"

"அப்படிக் குறிப்பா இல்ல. டீம்ல சொல்றாங்க."

"அதனால எந்த வேலையாவது தள்ளிப்போச்சா? அடுத்த ஆறு மாசத்துல நான் என்ன மாத்தினா அது சரியாச்சுன்னு நீங்க சொல்வீங்க?"

குரலை உயர்த்தாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேளுங்கள். குறிப்பான சம்பவம் இருந்தால் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். குணத்தைப் பற்றி வரும் எல்லாக் குறையும் பாகுபாடு இல்லை. நிஜமாகவே யாரையாவது புண்படுத்தியிருந்தால் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். சம்பவமே இல்லையென்றால் அந்த வரி போர்ட்டலில் ஏறாமல் நிற்க வாய்ப்புண்டு. "நல்லா பண்றீங்க" என்று வந்தாலும் விடாதீர்கள்: "எந்த வேலை உங்களுக்கு உபயோகமா இருந்துச்சு? அதையே அடுத்த வருஷம் பெருசா பண்றேன்." அன்று மாலையே ஒரு சிறு மெயில் போடுங்கள். இன்று பேசியது, நான் புரிந்துகொண்டது, அக்டோபருக்குள் நான் செய்யப்போவது. ஆறு மாதம் கழித்து மேனேஜர் மாறினாலும் அந்த மெயில் இருக்கும்.

படி 6: அறைக்குள் உங்கள் பெயர் வரும்முன்

கேலிப்ரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பக்கக் குறிப்பை மேனேஜருக்கு அனுப்புங்கள். நாட்குறிப்பிலிருந்து ஐந்து விஷயம் எடுத்தால் போதும். நல்ல மேனேஜர்கள் இதற்கு நன்றி சொல்வார்கள். அவர்களுக்கும் அங்கே வாதாட ஆதாரம் வேண்டும். உங்கள் மேனேஜரைத் தவிர அந்த அறையில் இருக்கப்போகும் வேறு ஒருவருக்காவது உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு டெமோ நீங்களே கொடுத்திருந்தால் அது நடந்துவிடும்.

வேலையோடு சேர்த்து வளர்ச்சிக்கான சாத்தியத்தையும் சில நிறுவனங்கள் தனியாக மதிப்பிடும். பொடென்ஷியல் ரேட்டிங் என்பார்கள். இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ மூவரும் வட அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றில் சுமார் 30,000 ஊழியர்களின் தரவைப் பார்த்தார்கள். வேலைக்கான ரேட்டிங் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. சாத்தியத்துக்கான ரேட்டிங் மட்டும் குறைவு. ப்ரமோஷன் இடைவெளியில் கணிசமான பகுதிக்கு அதுவே காரணம். சாத்தியம் என்பது இன்னும் நடக்காத ஒன்று, அதற்கு ஆதாரம் இருக்காது. மதிப்பிடுபவர் தன் மனதில் உள்ள தலைவரின் உருவத்தோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அந்த உருவம் பெரும்பாலும் ஆணாக இருக்கிறது.

"அடுத்த லெவலுக்கு வர எனக்கு விருப்பம் இருக்கு, என்ன தேவைன்னு சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்வது முதல் வேலை. சொல்லாவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அடுத்த லெவல் ஆட்கள் செய்யும் வேலையில் ஒரு சிறு துண்டை இப்போதே கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஒரு வாரம் லீட் விடுப்பில் போகும்போது ஸ்டாண்ட் அப் மீட்டிங்கை நடத்துவது போல ஏதாவது ஒன்று. சாத்தியம் அப்போது ஆதாரமாகிவிடும்.

படி 7: கல்யாணம், கர்ப்பம், விடுப்பு

ஷெல்லி கோரெல் குழுவினரின் 2007 ஆய்வில், ஒரே தகுதியுள்ள இரண்டு பெண்களில் தாய் என்று தெரிந்தவருக்குச் சுமார் 11,000 டாலர் குறைவான தொடக்கச் சம்பளம் போதும் என்றார்கள். தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆகவே இந்தப் பேச்சுகளில் நிதானம் வேண்டும். கல்யாணத் தேதி முடிவானால் விடுப்புக்கான நாட்களைச் சொன்னால் போதும். அதன்பிறகு எந்த ஊர், வேலையைத் தொடர்வீர்களா என்ற கேள்விகளுக்கு "வேலையில மாற்றம் எதுவும் இல்ல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் இது. இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கிறது. விடுப்பில் இருக்கும்போது அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்புவதும், பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டத்துக்கு எதிரானவை.

ரேட்டிங் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விடுப்பு தொடங்கும்முன், அதுவரை வேலை செய்த மாதங்களுக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். விடுப்பு ஆண்டில் ரேட்டிங் எப்படிப் போடப்படும், போன ஆண்டு ரேட்டிங்கா, வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்தா, ஹைக் உண்டா என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பாலிசி இருக்கும். ஆனால் உங்கள் மேனேஜருக்கே அது தெரியாமல் இருக்கலாம். திரும்பி வந்த முதல் வாரத்தில் புதிய கோல் ஷீட். இல்லையென்றால் முழு ஆண்டு வேலை செய்தவரோடு ஒப்பிட்டு, குறைவாகச் செய்தார் என்று முடித்துவிடுவார்கள். குழந்தைக்காக விடுப்பு எடுக்கும் ஆண்களும் இதையே செய்ய வேண்டும். "உனக்கெதுக்குப்பா இத்தனை நாள்" என்று அவர்களைக் கேட்கும் அலுவலகம் பெண்களையும் சேர்த்தே தண்டிக்கிறது.

படி 8: பணம்

ஒரே ரேட்டிங் வந்துவிட்டால் ஒரே ஹைக் வரும் என்று நினைக்காதீர்கள். காஸ்டில்லா 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் ஒரே மதிப்பீடு பெற்றும் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் ஊதிய உயர்வு குறைவாக இருந்தது. ரேட்டிங்கைப் பணமாக மாற்றும் கட்டத்தை யாரும் கேள்வி கேட்காததுதான் காரணம். பின்னால் அதே நிறுவனம், ஊதிய முடிவுக்கு யார் பொறுப்பு என்பதையும் முடிவுகளின் விவரத்தையும் மேலிடத்துக்குத் தெரியும்படி வைத்தபோது இடைவெளி குறைந்தது.

கேட்டால் திமிர் என்பார்களோ என்ற பயம் வீணானதல்ல. சம்பளம் அதிகம் கேட்கும் பெண்ணோடு வேலை செய்ய மற்றவர்கள் கூடுதலாகத் தயங்குகிறார்கள் என்று ஹன்னா ரைலி பௌல்ஸ் குழுவினர் 2007-இல் காட்டியிருக்கிறார்கள். அதனால் கேட்கும் விதத்தில் கவனம் வைக்கலாம். "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்பதைவிட, "இந்த கிரேடின் சம்பள வரம்பில் நான் எங்கே இருக்கேன்? இந்த ரேட்டிங்குக்கு ஹைக் வரம்பு என்ன?" என்பது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மேனேஜருக்குத் தெரியாவிட்டால் ஹெச்.ஆருக்குத் தெரியும்.

ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தை வைத்து ஊதியத்தில் வேறுபாடு காட்டக்கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பிரிவு அது. 1987-இல் ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோகிராஃபரின் வழக்கில், நிறுவனத்தின் நிதிநிலை சரியில்லை என்பது சம ஊதியம் தராமலிருக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

படி 9: தவறாக வந்துவிட்டால்

அன்றிரவே ராஜினாமா மெயில் எழுதாதீர்கள். அதே நேரம் ஆறவும் போடாதீர்கள். ஆட்சேபம் தெரிவிக்க போர்ட்டலில் குறிப்பிட்ட நாட்கள்தான் கொடுப்பார்கள். ஏற்கிறேன் என்ற பட்டனை அழுத்தும்முன் அதன் அருகில் உள்ள கருத்துப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். கோபம் வேண்டாம். கோல் ஷீட்டில் இருந்தது, செய்து முடித்தது, அரையாண்டு மெயிலில் சொல்லப்பட்டது, இப்போது வந்திருப்பது. எங்கே பொருந்தவில்லை என்று கேளுங்கள். பிறகு மேனேஜருக்கு மேலே இருப்பவரிடம் நேரம் கேளுங்கள், அதற்கடுத்து ஹெச்.ஆர்.

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா. தகுதி போதாது என்று பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வரும்முன்பே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பணி விதிகளில் பெண்களுக்கு எதிராக இருந்தவற்றைக் கடுமையாகக் கண்டித்ததோடு, முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும் சொன்னார். அரசுப் பணிக்குப் போகும் தோழிகள் இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டறிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு. பாலியல் தொல்லைக்கு இணங்காததால் ரேட்டிங்கைக் குறைப்பேன் என்று மிரட்டினாலோ, இணங்கினால் ஏற்றுவேன் என்று ஆசை காட்டினாலோ, அது பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சட்டத்தின் விதிகளில் எட்டாவது விதிப்படி, விசாரணை நடக்கும் காலத்தில் புகாருக்கு உள்ளான நபர் உங்கள் வேலையை மதிப்பிடக்கூடாது, அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம். குழு அதைப் பரிந்துரைத்தால் நிறுவனம் செய்தாக வேண்டும். புகாரோடு சேர்த்தே இதையும் கேட்டுவிடுங்கள், கேட்காமல் தானாக வராது.